மலையை விட்டு இறங்கியவர்கள்: ஆர்தர் சி. கிளார்க்கின் நாவலும் முன்னேற்றம் பற்றிய ஒரு கேள்வியும்

சென்ற தவணையில் ஒருநாள், ரிலீப் பாடவேளையொன்றில் பன்னிரண்டாம் தர மாணவர்களுக்கு ஒரு கதை சொல்ல நேர்ந்தது. பாடத்திட்டத்தில் இல்லாத கதை. பூமியிலிருந்து விண்வெளி வரைக்கும் ஒரு கோபுரம் கட்டுகிறார்கள், அதில் லிப்ட் ஓடுகிறது, றொக்கட் இல்லாமலே மனிதர்கள் வானத்துக்கு ஏறுகிறார்கள் என்று சொன்னதும் பின்வரிசையும் நிமிர்ந்து உட்கார்ந்தது. "கோபுரத்த எங்க கட்டுறாங்க தெரியுமா? எங்கட ஆதம் மலையில" என்றேன். வகுப்பில் ஒரே ஆரவாரம். அது அடங்கியபின் ஒரு மாணவன் கேட்டான்:

"அந்த மலையில ஈந்தவங்கள எங்க சேர் கொண்டுபோய் வெச்ச?"

அந்த நாவலை நான் மூன்று தடவை வாசித்திருக்கிறேன். கோபுரத்தின் உயரம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதைக் கட்டியவரின் பெயர் ஞாபகம் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வி எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை. அன்றிரவு நாவலை நான்காம் முறையாக எடுத்தேன். இக்கட்டுரை அந்த நான்காம் வாசிப்பின் விளைவு.

ஆர்தர் சி. கிளார்க்கின் 'த பவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' 1979இல் வெளிவந்தது. விஞ்ஞானப் புனைகதைக்கென ஆங்கில உலகில் வழங்கப்படும் ஹியூகோ, நெபியூலா ஆகிய இரு விருதுகளும் அதற்குக் கிடைத்தன. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் கொழும்பில் காலமாகும் வரை இங்கேயே வாழ்ந்தவர். நாவல் வெளிவந்த அதே 1979இல் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் பொறுப்பேற்றார். கதை நடக்கும் தீவுக்கு அவர் வைத்த பெயர் தப்ரபேன். பெயர் வேறானாலும் நாடு இதுதான். சிகிரியா அங்கே யக்ககல ஆகியிருக்கிறது. காசியப்பன் காளிதாச மன்னனாகியிருக்கிறான். ஆதம் மலை ஸ்ரீகந்த ஆகியிருக்கிறது. கதைக்காக இந்தத் தீவை 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திப் பூமத்திய ரேகையில் வைத்ததாகவும், மலையின் உயரத்தை இரட்டிப்பாக்கியதாகவும் அவரே பின்னுரையில் ஒப்புக்கொள்கிறார்.

நகர்த்தியதற்குப் பௌதிகக் காரணம் உண்டு. பூமத்திய ரேகைக்கு நேர்மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஒரு செய்மதி, பூமி தன்னைத்தானே சுற்றும் அதே வேகத்தில் சுற்றுவதால், கீழிருந்து பார்ப்பவருக்கு ஒரே இடத்தில் தொங்குவதுபோல் தெரியும். தகவல் தொடர்புக்கு இந்தப் பாதையைப் பயன்படுத்தலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதியவர் கிளார்க். அப்படித் தொங்கும் ஒன்றிலிருந்து போதிய பலமுள்ள வடமொன்றைக் கீழே இறக்கினால் அது பூமியைத் தொடும். அந்த வடத்தின் வழியே ஏறலாம். யூரி அர்ட்சுடனோவ் என்ற ரஷ்யப் பொறியியலாளர் 1960இல் முன்வைத்த யோசனை இது. வடம் வந்து தொடுவதற்குப் பூமத்திய ரேகையில் உயர்ந்ததொரு மலை வேண்டும். கிளார்க் நமது மலையைத் தேர்ந்தெடுத்தார்.

அந்த மலையின் உச்சியில் பல நூற்றாண்டுகளாக ஒரு பௌத்த மடம் இருக்கிறது. இருபத்திரண்டாம் நூற்றாண்டின் தலைசிறந்த பொறியியலாளரும், ஐரோப்பாவையும் ஆபிரிக்காவையும் ஜிப்ரால்டரில் பாலம் போட்டு இணைத்தவருமான வனேவர் மோகன் அந்த இடத்தைக் கேட்கிறார். பிக்குகள் தர மறுக்கிறார்கள். நாவலின் முதற்பாதியின் மோதல் இதுதான்.

இந்த மோதலுக்குப் பின்னால் ஒரு மெய்யியல் இருக்கிறது. மனிதகுலம் ஒரே ஏணியில் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, ஏற்றத்துக்கு எல்லையில்லை என்ற எண்ணம் ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் கொண்டோர்சே அதை ஒரு நூலாகவே எழுதினார். பிரெஞ்சுப் புரட்சியின்போது தலைமறைவாக இருந்து எழுதினார். 1794இல் அந்தப் புரட்சியின் சிறையிலேயே உயிரிழந்தார். நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒகஸ்ட் கொம்ட் அந்த ஏணிக்கு மூன்று படிகள் வைத்தார். முதற்படியில் சமயம், இரண்டாவதில் தத்துவம், உச்சிப்படியில் விஞ்ஞானம். ஒரு படியில் கால் வைத்தவன் முந்திய படியிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும் என்பது இதன் உட்கிடை.

கிளார்க்கின் நாவல் இந்த ஏணியில்தான் நிற்கிறது. வேற்றுலகிலிருந்து வரும் ஆளில்லாக் கலமொன்று சூரிய மண்டலத்தைக் கடந்து செல்லும்போது மனிதர்களோடு உரையாடுகிறது. தோமஸ் அக்குவினாஸின் இறையியல் வாதங்களை அது போகிற போக்கில் தர்க்கத்தால் உடைத்துவிட, சமயங்கள் பெரும்பாலும் செயலிழக்கின்றன. ஆகவே மலையுச்சியில் இருக்கும் பிக்குகள் வெறும் காணிச் சொந்தக்காரர்கள் அல்லர். முதற்படியில் எஞ்சி நிற்கும் கடைசி மனிதர்கள். அவர்கள் இறங்கினால்தான் மற்றவர்கள் ஏறலாம்.

கிளார்க் அவர்களை இழிவுபடுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மகாநாயக்க தேரர் நகைச்சுவை உணர்வும் நிதானமும் உள்ளவராக வருகிறார். சட்டமும் அவர்கள் பக்கமே நிற்கிறது. மோகனின் பணத்தாலும் செல்வாக்காலும் அவர்களை அசைக்க முடியவில்லை. ஒரு கதாசிரியருக்கு இதைவிட நல்ல முடிச்சுக் கிடைக்காது. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் நடக்கலாம். இந்த முடிச்சை அவர் எப்படி அவிழ்க்கிறார்?

வண்ணத்துப்பூச்சிகளால் அவிழ்க்கிறார்.

காளிதாசனின் படைவீரர்கள் பொன்னிற வண்ணத்துப்பூச்சிகளாகப் பிறந்து மலையேற முயல்கிறார்கள், அவை உச்சியைத் தொடும் நாளில் மடம் தோற்றுவிடும் என்று ஓர் ஐதீகம் கதையில் இருக்கிறது. முன்னர் விஞ்ஞானியாக இருந்து துறவியான ஒருவர், மோகனின் பரிசோதனையைக் குலைப்பதற்காகக் காலநிலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கொண்டு புயலைக் கிளப்புகிறார். அந்தப் புயல் வண்ணத்துப்பூச்சிகளை அள்ளிக்கொண்டுபோய் உச்சியில் போடுகிறது. ஐதீகம் பலித்துவிட்டது என்று பிக்குகள் தாமாகவே மலையை விட்டு இறங்குகிறார்கள்.

முதல் மூன்று வாசிப்பிலும் இந்த இடத்தில் நான் சொக்கிப்போனேன். எவ்வளவு அழகான முரண்! சமயத்தைக் காக்கப் போன விஞ்ஞானமே சமயத்தைத் தோற்கடிக்கிறது. விஞ்ஞானத்துக்கு வழிவிடும்படி சமய நம்பிக்கையே கட்டளையிடுகிறது. நான்காம் வாசிப்பில் அந்த அழகுதான் என்னை உறுத்தியது. மோகன் அவர்களைச் சம்மதிக்க வைக்கவில்லை. வற்புறுத்தவும் இல்லை. இழப்பீடு பற்றிய பேச்சுக்கும் அவசியம் வரவில்லை. யாரும் யாரையும் வெளியேற்றவில்லை, ஆனால் இடம் காலியாகிவிட்டது. அவர்கள் இறங்கியபின் கதை அவர்களோடு போவதில்லை, கோபுரத்தோடு போகிறது. முன்னேற்றத்துக்கு யார் விலை கொடுப்பது என்ற கேள்வியை எழுப்பிய நாவல், விலைச்சீட்டைக் காற்றில் பறக்க விட்டுவிடுகிறது.

கிளார்க்குக்கு இது தெரியாமல் நடந்தது என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஏனென்றால் அதே நாவலின் மற்றொரு இழை காளிதாசனுடையது. யக்ககலவின் உச்சியில் மாளிகையும் அதன் அடியில் நீரூற்றுகளும் அமைத்த மன்னன் அவன். அந்த அழகுக்குப் பின்னால் தந்தையின் கொலையும் அதிகார வெறியும் இருப்பதை நாவல் மறைக்கவில்லை. மோகனையும் காளிதாசனையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி நம்மைத் தூண்டுவதும் கிளார்க்தான். அப்படிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. கடந்தகாலக் கட்டடத்தின் அடியில் இரத்தத்தைக் காட்டிய அதே கை, எதிர்காலக் கட்டடத்தின் அடியில் வண்ணத்துப்பூச்சியை வைக்கிறது. பழையவர்கள் கொடியவர்கள், வரப்போகிறவர்கள் சுத்தமானவர்கள் என்பது ஆராய்ந்து கண்ட முடிவன்று. அது ஒரு நம்பிக்கை. முன்னேற்றவாதமும் தன் பங்குக்கு ஓர் ஐதீகத்தை வைத்திருக்கிறது என்பேன்.

இந்த விடயத்தில் நமது பழைய வரலாற்று நூல் இன்னும் நேர்மையாக இருக்கிறது. காசியப்பனின் தந்தை தாதுசேனன் கலாவாவியைக் கட்டியபோது, அணைக்கட்டு வரும் இடத்தில் ஒரு பிக்கு தியானத்தில் இருந்தாராம். எழுப்பியும் எழவில்லை. அவர்மீதே மண்ணைப் போட்டு அணையைக் கட்டினார்கள் என்றும், பின்னாளில் தாதுசேனன் உயிரோடு சுவரில் வைத்துக் கட்டப்பட்டது அந்த வினையின் பலன் என்றும் சூளவம்சம் சொல்கிறது. நடந்ததோ இல்லையோ, அந்தக் கதையைச் சொன்னவர்களுக்கு அணைக்கு அடியில் ஓர் ஆள் இருப்பது தெரிந்திருந்தது. குளத்தையும் புகழ்ந்தார்கள், குளத்துக்கு அடியில் இருந்தவரையும் மறக்கவில்லை.

மாணவன் கேட்டதை நான் கேட்காமல் விட்டதற்கு என்னிடம் சாட்டு எதுவும் இல்லை. மஸ்கெலியாப் பக்கம் போனவர்களுக்கு நான் சொல்லப்போவது தெரிந்திருக்கும். நல்லதண்ணி வழியாக ஆதம் மலைக்குப் போகும் பஸ் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் ஓரமாகத்தான் போகிறது. மின்சாரத்துக்காக 1960களில் கட்டப்பட்ட அணை. பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் வெளியே தெரியும். மூன்று சமயத்தாரும் தம்முடையதென்று சொல்லும் மலையின் அடிவாரத்தில், மூன்று சமயத்தாரின் வணக்கத்தலங்களும் ஒரே தண்ணீருக்குள் இருக்கின்றன.

அந்தப் பழைய நகரத்தில் என் உம்மாவின் வாப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை இருந்தது. உம்மும்மா கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு வசனம்: "கரண்ட் கொழும்புக்குப் போன, தண்ணி எங்கட கடைக்கு வந்த." அவர் கரண்டுக்கு எதிரியல்ல. பிறகு வந்த வீட்டில் பல்பு எரிந்த முதல் நாளில் அல்ஹம்துலில்லாஹ் சொன்னவர். ரேடியோ இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. அணை கட்டியிருக்கக் கூடாது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஒன்று வந்தபோது ஒன்று போனது என்பதை வரவு செலவுக் கொப்பியில் எழுதுவதுபோல் இரண்டு பக்கமும் எழுதி வைத்தார், அவ்வளவுதான். இக்கட்டுரையையும் அந்தக் கரண்ட் வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன்.

கிளார்க் நாவல் எழுதிய காலமும் அப்படியான காலமே. 1977இல் ஆட்சி மாறியபின் துரித மகாவலித் திட்டம் தொடங்கியது. விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. மலையில் பெரிய கட்டுமானம் எழுவதும் அதற்காகச் சனங்கள் இடம் மாறுவதும் இந்த நாட்டில் அன்று கற்பனையல்ல, நாளாந்தச் செய்தி. இருபத்திரண்டாம் நூற்றாண்டில் நடக்கும் நாவல், தான் எழுதப்பட்ட ஆண்டின் மிகப் பெரிய கேள்வியைத் தொட்டுவிட்டுத் தப்பிச் செல்கிறது.

எல்லா விஞ்ஞானப் புனைகதையும் இப்படித்தானா என்றால், இல்லை. எழுபத்துநான்கு வருடங்களுக்கு முந்திய ஒரு சிறுகதை அந்த விலைச்சீட்டை வாசலிலேயே தொங்கவிட்டிருக்கிறது. பேகம் றுகையா சகாவத் ஹுசைன் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் சென்னையில் வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மெகசீன்' என்ற ஆங்கிலச் சஞ்சிகையில் அச்சானது. பாடசாலை வாசலையே மிதிக்காத வங்காள முஸ்லிம் பெண்மணி ஒருவர், ஒளித்து ஒளித்துக் கற்ற ஆங்கிலத்தில் எழுதிய கதை. பின்னாளில் பகல்பூரிலும் தொடர்ந்து கல்கத்தாவிலும் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தியவர் அவர்.

கதையில் ஒரு பெண்நாடு. சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள். பெரிய பலூன் மூலம் முகிலிலிருந்தே நீரை எடுக்கிறார்கள். ஆகாய வண்டியில் பயணம் செய்கிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் பர்தாவில் இருக்கிறார்கள். இது எப்படி நடந்தது என்பதை றுகையா மறைக்கவில்லை. பெண்களின் பல்கலைக்கழகங்கள் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது ஆண்கள் அதைக் கேலி செய்து படைபலத்தைப் பெருக்கினார்கள். அடைக்கலம் தேடி வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்ததால் யுத்தம் வந்தது. படை தோற்கும் நிலையில், களைத்துப்போன ஆண்கள் உள்ளே போனார்கள். பெண்கள் சூரியக் கதிர்களைக் குவித்து எதிரியை விரட்டினார்கள். பிறகு வெளியே வர அனுமதி கேட்ட ஆண் அதிகாரிகளுக்கு, தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்று பதில் போனது.

இது நியாயமா? இல்லை. வாசிக்கும் ஆணுக்குச் சுருக்கென்கிறது. சுருக்கென்ற அடுத்த கணம், இதே ஏற்பாடு மறுபக்கமாக நம் வீடுகளில் இருந்தபோது ஏன் சுருக்கென்று இருக்கவில்லை என்ற கேள்வி வருகிறது. அந்த நாட்டின் முன்னேற்றத்துக்காக யார் உள்ளே போனார்கள் என்பதைக் கதை பகிரங்கமாகச் சொல்வதால்தான் வாசகன் அதோடு வழக்காட முடிகிறது. கிளார்க்கோடு வழக்காட முடியாது. வண்ணத்துப்பூச்சியோடு யார் வழக்காடுவது? இன்னொரு வேறுபாடும் உண்டு. கிளார்க்கின் முன்னேற்றத்துக்கு அளவுகோல் உயரம், 36,000 கிலோமீற்றர். றுகையாவின் அளவுகோல் தெரு: பயமில்லாமல் யார் தெருவில் நடக்கலாம் என்பது.

இன்னும் பின்னால் போனால், பன்னிரண்டாம் நூற்றாண்டு அந்தலூசியாவின் வைத்தியரும் மெய்யியலாளருமான இப்னு துபைல் நிற்கிறார். அவருடைய 'ஹய் இப்னு யக்ழான்' விஞ்ஞானப் புனைகதையல்ல, ஆனால் அதன் மூதாதையருள் ஒன்று. அதுவும் பூமத்திய ரேகையில் கிடக்கும், இந்தியாவைச் சேர்ந்த ஒரு தீவில்தான் நடக்கிறது. மான் வளர்த்த ஹய், தாய்மான் இறந்தபோது அதன் உடலைத் திறந்து உயிர் எங்கே போனது என்று தேடுவதிலிருந்து தொடங்கி, தன் அறிவாலேயே படிப்படியாக இறைவனை அறிகிறான். ஏணியின் உச்சிக்கு ஏறியவன் அவன். பிறகு அயல் தீவு மக்களுக்குத் தான் கண்டதைப் போதிக்கப் போகிறான். அவர்கள் முகம் திருப்புகிறார்கள். அவர்களை அவர்களின் வழியில் விட்டுவிடுவதே நலம் என்று விளங்கியதும், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தன் தீவுக்குத் திரும்புகிறான். இங்கே இறங்கிப்போகிறவன், உயர ஏறியவனே. இந்த விடையும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. அறிந்தவன் ஒதுங்கிவிட்டால் அறியாதவனின் கதி என்ன? ஆனாலும் தன் உண்மை உயர்ந்தது என்பதற்காக இன்னொருவனின் இடத்தை எடுக்கும் உரிமை தனக்கில்லை என்று ஹய் புரிந்துகொள்கிறான். மோகனுக்கு அப்படியொரு கணம் வருவதில்லை. தான் கட்டிய கோபுரத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் அவர் உயிரை விடுகிறார். மனதை உருக்கும் பகுதி அது. அந்தத் தியாகமும் ஏறியவர்களுக்காகத்தான், இறங்கியவர்களுக்காக அல்ல.

நம் சமூகத்தில் முன்னேற்றம் பற்றி இரண்டு பேச்சுக்கள் நடமாடுகின்றன. மேடைகளில் ஒன்று: இப்னு ஹைதமும் அல்ஜஸரியும் அன்றே எல்லாம் செய்துவிட்டார்கள் என்ற பெருமை. வீடுகளில் மற்றது: பிள்ளை கணிதமோ விஞ்ஞானமோ படித்து எஞ்சினியராகவோ டொக்டராகவோ வந்தால் போதும் என்ற அவசரம். முதலாவது பின்னால் பார்க்கிறது, இரண்டாவது மேலே பார்க்கிறது. கீழே பார்ப்பதற்கு ஆளில்லை. இலக்கியம் செய்யக்கூடிய வேலை அங்கேதான் இருக்கிறது. அணையால், யுத்தத்தால், கடலால், மண்சரிவால் இடம் மாறியவர்கள் நிறைந்த நாடு இது. எதிர்காலத்தைப் பற்றி எழுத இதைவிடத் தகுதியான ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? பறக்கும் தட்டும் இயந்திர மனிதனும் வந்தால்தான் விஞ்ஞானப் புனைகதை என்று நமது எழுத்தாளர்கள் நினைக்கத் தேவையில்லை. புதிய கருவி ஒன்று ஊருக்குள் வரும்போது யாருடைய கடைக்குத் தண்ணீர் வரும் என்று கேட்டாலே கதை தொடங்கிவிடும்.

கிளார்க்கை வாசிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாலாம் முறையும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாமல்தான் வாசித்தேன். என் வகுப்புக்கும் அதையே சிபாரிசு செய்தேன். கூடவே ஒரு பயிற்சியும் கொடுத்தேன்: மலையை விட்டு இறங்கியவர்களில் ஒருவரின் அடுத்த நாளை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பலர் எழுதித் தந்தார்கள். ஒரு மாணவி, தினமும் கூட்டிப் பெருக்கிய படிகளைக் கடைசித் தடவையாக எண்ணிக்கொண்டு இறங்கும் வயதான பிக்கு ஒருவரைப் பற்றி எழுதியிருந்தாள். கேள்வி கேட்ட மாணவன் மட்டும் இன்னும் தரவில்லை. கேட்டால், "அவங்க எங்க போனண்டு எனக்கு இன்னம் விளங்கல்ல சேர்" என்கிறான். அவசரப்படுத்தாமல் விட்டிருக்கிறேன்.